மறுபடியும் கோழிக்கோடு

என் நண்பர் ஒருவர் தணிக்கை இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு ஊர் சுற்றுவதில் அலாதியான மோகம். சுற்றுவதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தில் பார்க்கவேண்டிய ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஓர் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் அதன் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் ஒரு குறி போடுவார். குறி விழுந்துவிட்டதென்றால் அந்த ஊர் பைசலாகிவிட்ட கட்டுதான். மறுபடி அதை அவர் பிரிப்பதில்லை.

கோழிக்கோட்டுக்குப் புறப்படுகிறேன் என்று நான் சொன்னபோது அவர் புருவத்தை உயர்த்தினார்.

"போன வருஷமும் அங்கேதானே போனீர்கள்?"

"ஆமாம்."

"அதற்கு முந்தின வருஷம்?"

"அப்பொழுதும் அங்கேதான்."

அவர் என்னை வெகு பரிதாபத்துடன் பார்த்தார். "ஸார், நான் சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. பார்த்த ஊரையே மறுபடி பார்ப்பது, படித்த நாவலையே மறுபடி படிக்கிற மாதிரி. முடிவு என்ன என்பதுதான் முன்னமேயே தெரிந்துபோயிற்றே!"

நாவல் எழுதிப் பிழைக்கிறவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? இரண்டாம் தடவை படிக்கத் தோன்றாத நாவலை முதல் தடவை படித்ததே வீண் என்று நினைக்கிற கட்சியைச் சேர்ந்தவன் நான். ஆனாலும் அப்பொழுது எனக்குச் சரியான பதில் வரவில்லை. ரயில் வாளையாறு தாண்டி, வறண்ட கோயமுத்தூர்ப் பக்கத்துக் காற்று போய், ஈரமும் தேங்காய் எண்ணெய் மணமும் கலந்த காற்று முகத்தில் பட்ட பிறகுதான் வந்தது. என் பக்கத்துச் சாட்சியாக ஒரு மனிதரை நினைத்துக்கொண்டேன். அவர் இன்று நேற்று மனிதரல்லர். ஏறக்குறைய எழுநூறு வருஷங்களுக்கு முன்னால் இதே கோழிக்கோட்டுக் கடற்கரையில் நின்றவர். உலகத்திலேயே மிகப் பெரிய ஊர்சுற்றி என்று பெயர் வாங்கியவர். விந்தை என்னவென்றால், அவரும் என் நண்பரின் கட்சியைச் சேர்ந்தவர்தாம்!

இபின் பதூதா என்பது அவர் பெயர். மொராக்கோ தேசத்துத் தாஞ்சியர் நகரத்தில் 1304-ஆம் ஆண்டு பிறந்தார். 1325-இல், இருபத்தோராம் வயதில், மெக்கா யாத்திரைக்கென்று வீட்டை விட்டுக் கிளம்பியவர், ஊர் திரும்பி வந்து சேர்ந்தது 1349-இல். எகிப்து, அரேபியா, பாரசீகம், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை, துருக்கி, வோல்கா நதிக்கரை எல்லாம் சுற்றிவிட்டு, 1333-இல் சிந்து நதியைக் கடந்து இந்தியாவுக்கு வந்தார். இப்படிச் சுற்றுவதில் அவர் தமக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கூடியமட்டும் ஒரு முறை போன பாதையில் இரண்டாம் முறை போவதில்லை என்பதுதான் அந்த விதி.

அந்த விதியை எந்த ஊர் உடைத்தது என்று கேட்டால், கோழிக்கோடு என்று தயங்காமல் சொல்லலாம். ஐந்து தடவைக்குக் குறையாமல் அந்த ஊருக்கு அவர் திரும்பித் திரும்பி வந்திருக்கிறார். அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தில்லியில் அப்பொழுது ஆண்டுகொண்டிருந்தவர் முகம்மது பின் துக்ளக். தலைநகரத்தை ஜனங்களோடு தூக்கிக்கொண்டு தௌலதாபாத்துக்குப் போனவர். செப்புக் காசை வெள்ளிக் காசென்று செல்லுபடியாக்கப் பார்த்தவர். அவர் இபின் பதூதாவைத் தில்லியின் காஜியாக நியமித்துப் பெரும் சம்பளமும் கொடுத்தார். துக்ளக்கிடம் சம்பளம் வாங்குவது எளிது. கழுத்தைக் காப்பாற்றிக்கொள்வது கடினம். ஒரு சமயம் சந்தேகத்துக்கு ஆளாகி, நம் காஜி மயிரிழையில் தப்பினார். பிறகு திடீரென்று சுல்தானுக்குத் தயவு பிறந்தது. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசுகளுடன் போகும் தூதுக் கோஷ்டிக்கு அவரைத் தலைவராக்கி அனுப்பினார். பரிசுகள் என்றால் நூறு குதிரைகள், நூறு அடிமை ஆண்கள், ஆடல் பாடல் கற்ற நூறு பெண்கள், பட்டு, பொன், வெள்ளி. மனிதர்களைப் பட்டுத் துணியோடு சேர்த்து ஜாபிதாவில் எழுதிய காலம் அது. இபின் பதூதாவும் அடிமைகளை வாங்கி வைத்திருந்தவர்தான். அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்வதில் நியாயமில்லை.

அந்தக் கோஷ்டி காம்பே வளைகுடாவுக்கு வந்து, கப்பலேறி, மேற்குக் கரையோடு தெற்கே வந்தது. பாலைவனங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்களுக்கு மலையாளக் கரை எப்படி இருந்திருக்கும் என்று சற்று நினைத்துப் பாருங்கள்! கோவாவிலிருந்து கொல்லம் வரைக்கும் இரண்டு மாத நடைப் பாதை. வழி நெடுக மர நிழல். அரை மைலுக்கு ஒரு மரச்சாவடி, உட்காரத் திண்ணைகள், பக்கத்திலே கிணறு, தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். வழிப்பறி பயம் கிடையாது. உதிர்ந்து கிடக்கும் தேங்காயைக்கூட உடையவன் வந்து எடுக்கிற வரையில் யாரும் தொடமாட்டார்கள். மிளகு என்பது திராட்சைபோல் கொடியில் காய்க்கிறது என்பதையும் அவர் அங்கே பார்த்தார். தம் நாட்டில் குறுமணிபோல விலை சொல்லி விற்கும் மிளகை, கோழிக்கோட்டில் தானியம் அளக்கிற மாதிரி குவித்து அளந்ததைப் பார்த்து வியந்துபோய் எழுதியிருக்கிறார். தேங்காயைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் குழந்தை எழுதியதுபோல் இருக்கும்: மனிதத் தலை மாதிரி இருக்கிறதாம், இரண்டு கண்ணும் ஒரு வாயும் உண்டாம், நார்தான் தலைமயிராம்!

கோழிக்கோட்டுத் துறைமுகத்தில் அப்பொழுது பதின்மூன்று சீனக் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சியிருந்தன. பெரிய கப்பல் ஒன்றில் ஆயிரம் பேர் போகலாம். மாலுமிகள் தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு அதிலேயே குடித்தனம் செய்தார்கள். மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் பயிர் செய்தார்கள். ஆனால் கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? காற்று அடிக்கிற திசையில்தான் போகவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று மறு பக்கமாகத் தள்ளும். தோதான காற்றுக்காக மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அரபு நாட்டுக் கப்பலும் சீன நாட்டுக் கப்பலும் இந்தக் கரையில் சந்தித்ததற்கும், வந்தவர்கள் மறுபடி மறுபடி வந்ததற்கும் முதற் காரணம் காற்றுதான். இபின் பதூதாவும் மூன்று மாதம் காத்திருந்தார்.

கடைசியில் புறப்படும் நாள் வந்தது. பெரிய கப்பலில் அவருக்குக் கிடைத்த அறை சின்னது; வசதிக் குறைவு. ஆகவே தம் சாமான்களையும் பரிவாரத்தையும் கொஞ்சம் சிறிய கப்பல் ஒன்றில் ஏற்றினார். மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகையை முடித்துக்கொண்டு ஏறலாம் என்று தாம் மட்டும் கரையில் தங்கினார். கோழிக்கோட்டில் கப்பலை ஒதுக்கி மறைக்க மலையோ குடாவோ கிடையாது. திறந்த கடல். அன்றிரவு புயல் வந்தது. சுல்தானுடைய பரிசுகளை ஏற்றியிருந்த பெரிய கப்பல் கரையில் மோதிச் சுக்குநூறாயிற்று. காலையில் அவருடைய தோழர்களின் உடல்கள் மணலில் கிடந்தன. அவருடைய சாமான்கள் இருந்த சிறிய கப்பலோ, இந்தக் கோரத்தைக் கண்டு பாய் விரித்துப் போயே போய்விட்டது. அதில் அவருடைய குழந்தையைச் சுமந்துகொண்டிருந்த அடிமைப் பெண் ஒருத்தியும் இருந்தாள். பிற்பாடு அவள் இறந்துபோனாள் என்ற சேதிதான் அவருக்கு வந்தது.

சக்கரவர்த்தியின் தூதர் கடற்கரையில் தனியாக நின்றார். கையில் பத்துப் பொற்காசு. கீழே விரித்துப் படுக்கிற கம்பளம் ஒன்று. அவ்வளவுதான் மிச்சம்.

இப்படிப்பட்ட ஊரை ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் சபிக்கவேண்டும் அல்லவா? இபின் பதூதா சபிக்கவில்லை. அன்று காலையில் அவர் கண்ட வேறொரு காட்சியை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி கடற்கரைக்கு வந்திருந்தார். இடுப்பிலே முழங்கால் வரைக்கும் ஒரு வெள்ளைத் துணி, தலையிலே சிறு பாகை, வெறுங்கால். ஒருவன் குடை பிடித்துக்கொண்டிருந்தான். முன்னால் சிறிதாக நெருப்பு மூட்டியிருந்தது. கரை ஒதுங்கிய சரக்குகளை ஜனங்கள் அள்ளிக்கொண்டு போகாதபடி மன்னருடைய ஆட்கள் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். மலையாளக் கரையில் மற்ற இடங்களில் கப்பல் உடைந்தால் அதிலுள்ள சரக்கு அந்த இடத்து ராஜாவுக்குச் சொந்தம். கோழிக்கோட்டில் மட்டும் அது உடையவர்களுக்கே போய்ச் சேரும். அதனால்தான் அந்த ஊர் செழித்தது, வியாபாரிகள் அங்கே வந்து குவிந்தார்கள் என்று அவர் எழுதுகிறார்.

துறைமுகத்தின் அழகையோ, மிளகின் மலிவையோ அவர் காரணமாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். துறைமுகம் என்று பார்த்தால் கோழிக்கோடு மட்டமான துறைமுகம். புயலடித்தால் கப்பலைக் காப்பாற்ற அதனால் முடியாது. ஆனால் கப்பல் உடைந்த பிறகு மனிதனைக் காப்பாற்றத் தெரிந்த ஊர் அது. நூறு வருஷம் கழித்து, 1442-இல், பாரசீகத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரசாக் என்பவருக்குக் கோழிக்கோடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவரே கூட, இங்கே சரக்குகளைக் கடைத் தெருவில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

துக்ளக்கின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? பரிசுகளைக் கடலில் விட்டுவிட்ட தூதனுக்குத் தில்லியில் என்ன பரிசு கிடைக்கும் என்பது இபின் பதூதாவுக்கு நன்றாகத் தெரியும். கொல்லத்துக்குப் போனார், கோழிக்கோட்டுக்குத் திரும்பினார். வடக்கே ஹொனாவருக்கும் கோவாவுக்கும் போய்ச் சண்டையில்கூடக் கலந்துகொண்டார். மறுபடி கோழிக்கோட்டுக்கு வந்தார். பிறகு அங்கிருந்து மாலத்தீவுக்குக் கப்பலேறினார். பத்து நாள் பிரயாணம்.

மாலத்தீவில் கதீஜா என்ற ராணி ஆண்டுகொண்டிருந்தாள். ராஜ்யத்தின் செல்வம் தென்னையும் மீனும் சோழியும்தான். தென்னை நாரில் திரித்த கயிற்றால் தைத்த கப்பல்கள் ஏமன் வரைக்கும் போயின. சோழிகள் காசாகப் புழங்க வங்காளத்துக்குப் போயின. மீனை வேகவைத்துப் புகையிலும் வெயிலிலும் உலர்த்தி ஏற்றுமதி செய்தார்கள். யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் மாசி என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியுமே, அதுதான். அந்தத் தீவு ஜனங்கள் பரம சாதுக்கள். நம் மனிதரை அங்கே காஜியாக்கினார்கள். அவர் ஒரு திருடனின் கையை வெட்டும்படி தீர்ப்புச் சொன்னபோது, சபையிலிருந்த பலர் மூர்ச்சை போட்டு விழுந்துவிட்டார்களாம்!

அங்கே அவர் நான்கு பெண்களை மணந்துகொண்டார். மாலத்தீவில் அது ஒரு சம்பிரதாயமாகவே இருந்தது. கப்பலில் வருகிறவன் கல்யாணம் செய்துகொள்வான். புறப்படும்போது விவாகரத்துச் செய்துவிட்டுப் போவான். ஏனென்றால் அந்தத் தீவுப் பெண்கள் தங்கள் நாட்டை விட்டு ஒருபோதும் வெளியே போவதில்லை. இந்த விஷயத்தில் இபின் பதூதாவைப் புகழ்வதற்கு ஒன்றுமில்லை. பெரிய இடத்துச் சம்பந்தங்களால் செல்வாக்கு வளர்ந்தது. செல்வாக்கு வளர்ந்ததும் மந்திரிகளோடு மனஸ்தாபம் வந்தது. 1344-இல் அவர் தீவை விட்டுக் கிளம்பினார். மனைவிகளில் ஒருத்தி அப்பொழுது கர்ப்பவதி.

கிளம்பிப் போகிற வழியில் ஒரு சின்னஞ்சிறு தீவு. அதில் ஒரே ஒரு வீடு. ஒரு நெசவாளி, அவன் மனைவி, குழந்தைகள், சில தென்னை மரங்கள், மீன் பிடிக்க ஒரு படகு, கொஞ்சம் வாழை. பறவைகள் என்று பார்த்தால் இரண்டே காக்கைகள். உலகத்தின் பெரிய அரசவைகளையெல்லாம் பார்த்த அந்த மனிதர், அந்த நெசவாளியைக் கண்டு பொறாமைப்பட்டார். இந்தத் தீவு எனக்குச் சொந்தமாக இருந்தால் சாகிற வரையில் இங்கேயே ஒதுங்கியிருப்பேனே என்று அவர் மனசு ஏங்கிற்று. ஏங்கிவிட்டு என்ன செய்தார்? மறுபடி கப்பலேறினார்.

இலங்கைக்குப் போனார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் கண்டு, முத்தும் மாணிக்கமும் பரிசாகப் பெற்றார். சிவனொளிபாத மலையில் இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏறி இறங்கினார். அங்கிருந்து தமிழ்நாட்டுக் கரையை நெருங்கும்போது கப்பல் தரைதட்டிற்று. உயிர் தப்பி, மதுரையில் ஆண்ட சுல்தான் கியாசுத்தீனிடம் போய்ச் சேர்ந்தார். அந்தச் சுல்தான் அவருக்கு ஒரு வகையில் ஷட்டகர். ஆனால் அவருடைய கொடுமைகளைப் பார்த்து இவருக்கே பொறுக்கவில்லை. மதுரையிலே அப்பொழுது கொள்ளை நோய் வேறு. சுல்தானும் இறந்தார், இவருக்கும் கடும் ஜுரம். கொல்லம் வழியாக ஹொனாவருக்குக் கப்பலேறினால், நடுவழியில் பன்னிரண்டு கப்பல்களில் கொள்ளைக்காரர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இலங்கை அரசர் கொடுத்த ரத்தினங்களிலிருந்து உடுத்தியிருந்த துணிமணி வரைக்கும் போயிற்று. காற்சட்டை ஒன்றைத் தவிர வேறில்லாமல் கரையிலே இறக்கிவிட்டார்கள்.

அந்தக் கோலத்தில் ஒரு மனிதன் எந்த ஊருக்குப் போவான்? தன் முகம் தெரிந்த ஊருக்குத்தான் போவான். இபின் பதூதா கோழிக்கோட்டுக்குத்தான் போனார்!

நேரே ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். சேதி பரவிற்று. ஒரு சாஸ்திரி அங்கி ஒன்று அனுப்பினார். ஊர்க் காஜி தலைப்பாகை அனுப்பினார். ஒரு வியாபாரி இன்னோர் அங்கி அனுப்பினார். பிரமாத உபசாரம் ஒன்றும் இல்லை. ராஜா யானை அனுப்பவில்லை, மேளதாளம் இல்லை. மூன்று துணிகள் வந்தன, அவ்வளவுதான். ஆனால் பழைய ஊருக்குத் திரும்பி வருவதில் உள்ள சந்தோஷம் என்னவென்று என்னைக் கேட்டால், இந்த மூன்று துணிகளைத்தான் காட்டுவேன். புதிய ஊர் நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். பழைய ஊர், "ஐயோ, இவருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கும்.

அதே கோழிக்கோட்டில்தான் இன்னொரு சேதியும் அவருக்குக் கிடைத்தது. மாலத்தீவில் விட்டுவந்த மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்பதே அது.

போகலாமா, வேண்டாமா? மாலத்தீவில் இப்பொழுது அதிகாரத்தில் இருந்த மந்திரி இவருக்கு வேண்டாதவர். தயக்கம் தீராமல் குர்ஆனைத் திறந்து சகுனம் பார்த்தார். கப்பலேறினார். ஒரு தடவை போன பாதையில் மறுதடவை போவதில்லை என்ற விதி, பார்க்காத பிள்ளையின் முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

தீவுகள் மாறவில்லை. அதே தென்னை, அதே வெண்மணல், அதே நீலக் கடல். ஆனால் இவர் வருகிறார் என்று கேட்டதும் பிள்ளையின் தாய் நடுங்கினாள். மந்திரியிடம் ஓடி முறையிட்டாள். தகப்பன் மகனைக் கொண்டுபோவதைத் தாம் தடுக்கப்போவதில்லை என்று மந்திரி சொல்லிவிட்டார். சட்டம் இபின் பதூதாவின் பக்கம். சட்டம் தெரிந்த காஜி அவர்.

பையனை அவர் முன்னால் கொண்டுவந்தார்கள். இரண்டு வயது. அந்தச் சந்திப்பைப் பற்றி அவர் விஸ்தாரமாக ஒன்றும் எழுதவில்லை. கோழிக்கோட்டு மிளகைப் பற்றி எழுதிய அளவுகூட எழுதவில்லை. பையன் தீவு ஜனங்களோடு இருப்பதே அவனுக்கு நல்லது என்று தோன்றியதாகவும், திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் மட்டும் சொல்கிறார். ஐந்து நாள் தங்கினார். பிறகு வங்காளத்தை நோக்கிப் பாய் விரித்தாயிற்று. நாற்பத்து மூன்று நாள் கடற்பிரயாணம். அந்தப் பையன் வளர்ந்து என்னவானான் என்பதை நூல் சொல்லவில்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் இந்த இடத்தைப் பல தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று தெரிகிறது. முதல் தடவை படித்தபோது, என்ன கல்நெஞ்சக்காரர் என்று கோபம் வந்தது. பெற்ற பிள்ளையை ஐந்து நாள் பார்த்துவிட்டுப் போய்விட்டாரே! பிறகு வயசாக ஆக, அந்தத் தாயின் முகம் தெரிய ஆரம்பித்தது. பையனை அவர் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அவள் கதி என்ன? அவளால் பின்னோடு போக முடியாது. அவர்களுக்கு அந்த வழக்கமில்லை. தில்லியின் காஜியாக, தீவின் காஜியாக அவர் சொன்ன தீர்ப்புகளில் பலவற்றை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். யாரும் கேட்காமல், சட்டம் வற்புறுத்தாமல் அந்த ஐந்து நாட்களில் அவர் சொன்ன தீர்ப்பை ஒப்புக்கொள்ளலாம். பிடித்த இடத்துக்குத் திரும்பி வந்தவர், அந்த இடத்துக்குச் சொந்தமானதை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வருவதிலும் இரண்டு வகை உண்டு என்பதற்குக் கோழிக்கோடே சாட்சி. 1498-இல் வாஸ்கோ ட காமா அங்கே வந்து இறங்கினார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். அவர் 1502-இல் மறுபடி வந்தாரே, அதைப் பலர் மறந்துவிடுகிறோம். இரண்டாம் தடவை வந்தபோது, மெக்காவிலிருந்து யாத்திரிகர்களை ஏற்றி வந்த கப்பல் ஒன்றை நடுக்கடலில் தீக்கிரையாக்கினார். கோழிக்கோட்டின்மேல் பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தார். அவரும் அந்த ஊரை மறக்கவில்லைதான். ஊரையே தமக்கு வேண்டும் என்று நினைத்தார். கரை ஒதுங்கிய பொருளைக்கூட உடையவனிடம் கொடுத்த ஊருக்கு நேர்ந்த கதி அது.

இபின் பதூதா சீனம் வரைக்கும் போய்விட்டுத் திரும்புகையில் கொல்லத்தில் இறங்கிப் பெருநாள் தொழுகையை நடத்திவிட்டு, கடைசி முறையாகக் கோழிக்கோட்டுக்கு வந்தார். தில்லிக்குப் போகலாமா என்று ஒரு சபலம். துக்ளக்கை நினைத்ததும் அது பறந்துவிட்டது. சில நாள் தங்கிவிட்டு அரபுக் கரைக்குக் கப்பலேறினார். 1347-இல் போய்ச் சேர்ந்தார். ஊர் திரும்பினால், தகப்பனார் எப்பொழுதோ காலமாகியிருந்தார். தாயாரும் சில மாதங்களுக்கு முன்புதான் பிளேக் நோயில் இறந்துபோனாள். உலகம் முழுவதும் சுற்றியவருக்குச் சொந்த வீட்டில் திரும்பி வந்ததன் சந்தோஷம் கிடைக்கவில்லை. மொராக்கோ சுல்தானின் கட்டளைப்படி, 1355-இல் தம் பிரயாணக் கதையை அவர் சொல்லி முடித்தார். எழுதியவர் வேறொருவர். கிழவர் ஒவ்வோர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தபோது, எல்லா ஊருக்கும் இன்னொரு தடவை போய்வந்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கோழிக்கோட்டில் குற்றிச்சிறை என்று ஒரு குளம் இருக்கிறது. அதன் அருகே மிஷ்கால் பள்ளி. கூம்பும் ஸ்தூபியும் இல்லாமல், மரமும் ஓடுமாக, அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் பள்ளிவாசல். மிஷ்கால் என்ற கப்பல் வியாபாரி கட்டியது. அவர் செல்வத்தைப் பற்றி இபின் பதூதா எழுதியிருக்கிறார். 1510-இல் போர்த்துகீசியர் அதற்குத் தீ வைத்தார்கள். ஊரார் மறுபடி எடுத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தக் குளத்துப் படிக்கட்டில் சாயங்கால வேளையில் அரைமணி உட்காருவது என் வழக்கம். பக்கத்து டீக்கடைக்காரர், "வந்துவிட்டீர்களா?" என்று கேட்பார். அதற்காகவே நானூறு மைல் போகலாம். 2023-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் கோழிக்கோட்டை இலக்கிய நகரம் என்று அறிவித்தது. இந்தியாவில் வேறெந்த ஊருக்கும் அதற்கு முன்னால் கிடைக்காத பெருமை. மறுபடி படிக்கத்தக்க நாவல் என்று அந்த ஊரை நான் நினைத்தது தப்பில்லை என்று தெரிகிறது.

இந்தக் கதையையெல்லாம் தணிக்கை நண்பரிடம் சொன்னேன். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் கோழிக்கோட்டுக்குக் குறி விழுந்திருக்கவில்லை. "சரி, ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று கூட வந்தார். மிட்டாய்த் தெருவில் அலுவா வாங்கினார். குற்றிச்சிறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதிகம் பேசவில்லை. ஊருக்குத் திரும்பியதும் சிவப்பு மையால் குறி போட்டார்.

பத்து நாள் கழித்து வந்து வாசலில் நின்றார்.

"ஸார், என் குடையை அந்தக் குளத்துப் படிக்கட்டிலே வைத்துவிட்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது."

"போனால் போகிறது. பழைய குடைதானே?"

"அப்படிச் சொல்லிவிட முடியுமா? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்."

குடைக்கு இருநூறு ரூபாய்கூடப் பெறாது. ரயில் சார்ஜை அவர் கணக்குப் பார்க்காததுதான் எனக்கு ஆச்சரியம். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனார், நான்கு நாள் தங்கிவிட்டு வந்தார். குடை டீக்கடையில் பத்திரமாக இருந்ததாம்.